குழந்தைகளோடு வடக்கு கோவா: பாட்டும் கேட்கணும், தூக்கமும் வேணும் என்பவர்களுக்கு

கோவாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களில் பலர் ஹோட்டலின் படத்தைப் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள். படத்தில் நீச்சல் குளம் தெரியும், தென்னை மரம் தெரியும். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கிளப் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை எழுந்து அழும்போதுதான் அது தெரியவரும். பாகா, கலங்குட், காண்டோலிம் என்று ஒரே மணல்பரப்பாக நீளும் வடக்கு கோவாக் கரையில் கொண்டாட்டத்துக்கும் குறைவில்லை, அமைதிக்கும் குறைவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஸ்கூட்டரில் கால் மணி நேரம்தான். எந்தப் பக்கம் படுக்கை, எந்தப் பக்கம் பாட்டு என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். பள்ளி அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வரும் டிசம்பர் கடைசி வாரம்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அந்த வாரம்தான் வாடகை இரண்டு மூன்று மடங்காகும். சாலையில் வண்டி நகராது. குடும்பத்துக்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது என்பதே எங்கள் கருத்து. பொங்கல் விடுமுறையில் போனால் அதே வெயில், அதே கடல், வாடகை மட்டும் வெகுவாக இறங்கியிருக்கும்.

மே மாதம் வியர்த்துக் கொட்டும், ஆனாலும் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அறை மலிவு, ஊர் பச்சைப்பசேல். ஆனால் கடலில் இறங்க முடியாது, நீர்விளையாட்டு கிடையாது, கரையில் போடும் 'ஷாக்' என்ற சாப்பாட்டுக் கொட்டகைகளைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். கடலுக்காகப் போகிறவர்களுக்கு அந்த மலிவு வீண்.

2. எந்த ஊர், எந்தத் தெரு

வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்தால் பாகா, கலங்குட், காண்டோலிம், சிங்கேரிம் என்று வரிசை. இரவு விடுதிகள் அதிகம் இருப்பது பாகாவில், அதிலும் டிட்டோஸ் லேன் என்ற தெருவையும் அதைச் சுற்றியும். கலங்குட் கடைத்தெரு, பேருந்து நிலையம், கூட்டம் என்று நாள் முழுக்க இரைச்சல். காண்டோலிம் வந்ததும் சத்தம் குறையும், கரை அகலமாகும். சிங்கேரிம், அகுவாடா கோட்டை பக்கம் போனால் இன்னும் அமைதி. ஆனால் சாப்பாட்டுக் கடைகள் குறைவு, அறை வாடகை அதிகம்.

பத்து வயதுக்குள் குழந்தை இருந்தால் காண்டோலிமிலோ கலங்குட்டின் தெற்கு ஓரத்திலோ தங்கி, பாட்டுக்குப் பாகா போய் வாருங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் கலங்குட் நடுவிலேயே தங்கலாம். பாகாவுக்குள், டிட்டோஸ் லேனிலிருந்து கூப்பிடு தூரத்தில், கைக்குழந்தையோடு தங்கவே வேண்டாம். விளம்பரத்தில் 'ஃபேமிலி ஹோட்டல்' என்றே போட்டிருக்கும். அந்த வார்த்தைக்கு எந்த வரையறையும் கிடையாது.

'பீச் ஹோட்டல்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் காரணமாக மணலை ஒட்டிப் புதிதாக நிரந்தரக் கட்டடம் எழுப்புவது கடினம். அதனால் பெரும்பாலான ஹோட்டல்கள் கரையிலிருந்து இருநூறு முதல் ஐந்நூறு மீட்டர் உள்ளே இருக்கும். ஐந்நூறு மீட்டர் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. மணல் ஒட்டிய காலோடு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் திரும்புவது வேறு கதை. வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரம் பார்க்காமல் நடைபாதைத் தூரம் பாருங்கள். நடுவில் வேறொரு பெரிய ஹோட்டலின் மதில் இருந்தால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

அதே வரைபடத்தில் ஹோட்டலைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் என்னென்ன கிளப், பார், திறந்தவெளி மண்டபம் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு விமர்சனங்களில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு 'சத்தம்', 'மியூசிக்' என்ற சொற்களை மட்டும் தேடுங்கள். ஹோட்டல்காரர் சொல்லாததை அங்கே யாராவது ஒருவர் எரிச்சலோடு எழுதியிருப்பார்.

3. பணம் கட்டும் முன் ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள்

முன்பதிவுத் தளத்தில் விலை ஒப்பிடலாம். ஆனால் பணம் கட்டும் முன் ஹோட்டலின் ரிசப்ஷனோடு நேரடியாகப் பேசுங்கள். இந்தியும் ஆங்கிலமும் செல்லும். பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதையெல்லாம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை:

*குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம்?* பொதுவாக ஐந்து வயது வரை தனிப் படுக்கை இல்லாமல் இலவசம். ஆறு முதல் பன்னிரண்டுக்குள் காலை உணவுக்கோ கூடுதல் படுக்கைக்கோ கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கணக்கு. வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். தளத்தில் இரண்டு பெரியவர் என்று மட்டும் போட்டு, குழந்தைகளை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் இங்கே அதிகம் பேர் விழும் குழி. செக்-இன் நேரத்தில் அவர்கள் சொல்லும் கூடுதல் கட்டணத்தைப் பெட்டியோடும் பிள்ளையோடும் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது.

*எக்ஸ்ட்ரா பெட் என்றால் கட்டிலா, தரையில் போடும் மெத்தையா?* பாதி இடங்களில் மெத்தைதான். அறையின் அளவையும் கேளுங்கள். இருநூறு சதுர அடிக்கும் குறைவான அறையில் மெத்தை போட்டால் குளியலறைக் கதவு திறக்காது.

*நாங்கள் தங்கும் நாட்களில் ஹோட்டலில் கல்யாணமோ கம்பெனி விழாவோ இருக்கிறதா?* யாரும் கேட்காத கேள்வி இது. கோவாவில் வெளியூர்க் கல்யாணங்கள் அதிகம். 'சங்கீத்' எனும் கல்யாணப் பாட்டு, நடன நிகழ்ச்சி என்றால் நீச்சல் குளத்தை ஒட்டிய புல்வெளியில் ஸ்பீக்கர் வைப்பார்கள். குளத்தையும் அன்று மூடிவிடலாம்.

*அறை எந்தப் பக்கம்?* குளம், பார், சமையலறை, ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு எதிர்ப்புறம், இரண்டாம் மாடி அல்லது அதற்கு மேல் கேளுங்கள். 'பூல் ஆக்சஸ்' அறை என்று கூடுதல் விலைக்குத் தருவார்கள். கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

*உணவுத் திட்டம் எது?* இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை உணவு உண்டு. எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு ஒரு வேளைச் சாப்பாடு, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு சி.பி. போதும். காலையில் பசியோடு கடை தேடி அலைய வேண்டியதில்லை. மற்ற வேளைகளுக்கு வெளியே நல்ல சாப்பாடு ஹோட்டலை விடக் குறைந்த விலையில் கிடைக்கும். கலங்குட் சந்தைப் பக்கம் இட்லி, தோசை போடும் உடுப்பிக் கடைகள் உண்டு.

*டிசம்பர் 24, 31 இரவுகளில் காலா டின்னர் என்ற சிறப்பு விருந்து கட்டாயமா?* பல ஹோட்டல்கள் அந்த இரண்டு இரவுகளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயக் கட்டணம் சேர்க்கின்றன. அது அறை வாடகையில் தெரியாது, கடைசி பில்லில்தான் தெரியும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாள் வாடகையை அது தாண்டிவிடக்கூடும்.

வரியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் வரியோடு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டாக நிற்கிறது. கூடுதல் படுக்கைக் கட்டணம் சேர்ந்து இந்தக் கோட்டைத் தாண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். தாண்டும் என்றால் கொஞ்சம் சிறிய அறை இரண்டு எடுப்பதே சில சமயம் லாபம்.

ரத்து செய்தால் பணம் திரும்பாத முன்பதிவு நூறு இருநூறு ரூபாய் குறைவாக இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரத்து செய்யக்கூடியதையே எடுங்கள்.

4. ஆவணங்கள்

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும்: ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், இவற்றில் ஏதாவது ஒன்று. பான் கார்டு செல்லாது, அதில் முகவரி இல்லை. கணவர் கார்டு மட்டும் காட்டினால் போதும் என்று நினைத்து மனைவியும் பாட்டியும் வெறுங்கையோடு வருவது அடிக்கடி நடக்கிறது.

குழந்தைகளுக்கு ஆதார் போதும். இரண்டு வயதுக்குள் இருந்தால் விமானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள், வயதை நிரூபிக்கக் கேட்பார்கள். ஹோட்டலின் இலவச வயது வரம்புக்கும் அதே சான்றிதழ் உதவும்.

சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினர் சேர்ந்து வந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டும் விசாவும் தேவை. வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சின்ன விடுதிகள் வாசலிலேயே மறுத்துவிடும், முன்கூட்டியே கேளுங்கள்.

வண்டி வாடகைக்கு எடுப்பவர் உரிமத்தைப் புரட்டிப் பாருங்கள். கார் ஓட்ட மட்டும் அனுமதி உள்ள உரிமத்தில் ஸ்கூட்டர் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

5. போய்ச் சேர்வது

கோவாவில் இரண்டு விமான நிலையங்கள். பழையது டபோலிம். புதியது மோபா, 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. டிக்கெட்டில் டபோலிமுக்கு ஜி.ஓ.ஐ., மோபாவுக்கு ஜி.ஓ.எக்ஸ். என்று இருக்கும். இரண்டிலிருந்தும் கலங்குட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும். ஆபத்து வேறெங்கோ இருக்கிறது: ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் போட்டுவிட்டு, திரும்பும் நாளில் பழக்கத்தில் தவறான நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே பாதிக் கோவா இருக்கிறது.

ஓலா, ஊபரை நம்பி இறங்க வேண்டாம். கோவாமைல்ஸ் என்ற டாக்சி செயலியை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது விமான நிலையத்தின் ப்ரீபெய்ட் கவுன்டருக்குப் போங்கள். கலங்குட், காண்டோலிம் வரை சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகலாம், இரவில் கூடும். கோவா அரசின் கதம்பா பேருந்து மிக மலிவு. ஆனால் இரண்டு பெட்டி, ஒரு தள்ளுவண்டி, அழும் குழந்தை என்றால் டாக்சியே நல்லது.

ரயிலில் வருகிறவர்கள் தெற்கு கோவாவின் மட்காவ் நிலையத்தில் இறங்கினால் வடக்கே நீண்ட டாக்சிப் பயணம் பாக்கி இருக்கும். உங்கள் ரயில் திவிம் நிலையத்தில் நின்றால் அங்கே இறங்குங்கள். அங்கிருந்து கலங்குட் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

6. அறைக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம்

செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 மணி. காலை விமானத்தில் வந்தால் பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். நீச்சல் உடை, ஒரு மாற்றுடை, குழந்தையின் மருந்து இவற்றைத் தனிப் பையில் வைத்திருங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன் பால்கனியைப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா? ஏறி நிற்க வசதியாக நாற்காலி ஏதாவது கிடக்கிறதா? கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா? பிறகு ஏ.சி., வெந்நீர், ஜன்னல் மூடுகிறதா என்று பாருங்கள். ஜன்னல் சரியாக மூடாத அறையில் இரவு பத்துக்கு மேலும் கிளப் பாட்டின் 'தும் தும்' அதிர்வு உள்ளே வரும். மாற்றச் சொல்வதென்றால் உடனே சொல்லுங்கள். படுக்கையைக் கலைத்த பிறகு கேட்டால் மனமில்லாமல்தான் செய்வார்கள்.

7. குளமும் கடலும்

குளத்தில் நைலான் அல்லது லைக்ரா உடை கட்டாயம். பருத்தி பனியன், சுடிதார், வேட்டி எதற்கும் அனுமதி இல்லை. பருத்தி நூல் வடிகட்டியை அடைத்துவிடும். ஊரிலேயே முழுக்கை நீச்சல் உடை வாங்கிக்கொள்ளுங்கள். கரையோரக் கடைகளில் விலை கூடுதல், அளவும் கிடைக்காது. சின்ன ஹோட்டல் குளங்களில் உயிர்காப்பாளர் இருப்பது அரிது. பெரும்பாலும் மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள்.

கடலில் உயிர்காப்பாளர்கள் காலை 7.30 முதல் மாலை 6 வரை இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். தனிச் சிவப்புக் கொடி என்றால் முழங்கால் அளவு கூட வேண்டாம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் பாதுகாப்பானது என்று தோன்றும். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். பாகாவின் வடகோடியில் ஓடை கடலில் கலக்கும் இடத்தில் குழந்தைகளை விடவே வேண்டாம். ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காமல் நேரே உயிர்காப்பாளரிடம் கூட்டிப் போங்கள்.

பாராசெய்லிங், பனானா படகு இவற்றுக்குத் தரகரிடம் பணம் கொடுக்காமல் உரிமம் உள்ள கவுன்டரில் சீட்டு வாங்குங்கள். 2024 கிறிஸ்துமஸ் அன்று கலங்குட் கரையருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்தார். உங்கள் குழந்தையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை என்றால் ஏறாதீர்கள். பெரியவர் ஜாக்கெட் குழந்தையின் தலைவழியே கழன்று போய்விடும்.

8. இரவு

சட்டப்படி திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணி வரைதான். ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்வு தருவார்கள். அதனால் குடும்பத்துக்கான கொண்டாட்டம் சூரியன் சாயும் நேரத்திலிருந்து பத்து மணிக்குள் முடிந்துவிடும், முடிவதும் நல்லது.

டிசம்பரில் ஆறு மணியைத் தாண்டியதும் சூரியன் மறையும். ஐந்தரைக்கே ஷாக்கில் முன்வரிசை மேஜை பிடியுங்கள். ஏழு மணிக்கு மேல் பல ஷாக்குகளில் நேரடிப் பாட்டு தொடங்கும். குழந்தைகள் மணலில் விளையாடலாம், பெரியவர்கள் பாட்டுக் கேட்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். மீனை ஐஸ் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள். வஞ்சரமோ வவ்வாலோ, விலை எடைக்கா துண்டுக்கா என்று கேட்டு, எடை போட்டு, மொத்தத் தொகையைச் சொன்ன பிறகே தலையாட்டுங்கள். இறால், நண்டுக்கும் அப்படியே. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

சனிக்கிழமை என்றால் பாகாவை அடுத்த அர்போரா ஊரின் இரவுச் சந்தை. துணி, நகை, சாப்பாடு, மேடைப் பாட்டு எல்லாம் ஒரே இடத்தில். சீசனில் மட்டும் நடப்பதால் அந்த வாரம் உண்டா என்று ரிசப்ஷனில் கேட்டுவிட்டு, ஆறரைக்குள் போய் ஒன்பதுக்குள் கிளம்புங்கள். பிறகு வண்டி எடுக்கவே நேரம் போகும். இன்னொரு நாள் தலைநகர் பணஜியில் மண்டோவி ஆற்றில் மாலைப் படகு: ஒரு மணி நேரம், கோவா நாட்டுப்புற நடனம், டி.ஜே., எல்லா வயதினருக்கும் ஏற்றது. அதே ஆற்றில் ஒளிவெள்ளத்தில் மிதக்கும் கேசினோக்களின் சூதாட்டத் தளத்துக்குள் 21 வயதுக்கு மேல்தான் அனுமதி.

பத்து மணிக்கு மேல் கிளப் போக ஆசையா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் என்பதுதான் முதல் கேள்வி. பெரிய ரிசார்ட்டுகளில் கட்டணத்துக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள், முதல் நாளே சொல்ல வேண்டும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வந்திருந்தால் முறை வைத்துப் போகலாம். தூங்குகிற குழந்தையை அறையில் பூட்டிவிட்டு 'அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்' என்பது மட்டும் கூடாது.

கிளப் வாசலில் ஜோடிக்கு ஒரு கட்டணம், தனி ஆணுக்கு அதைவிட அதிகம். கட்டணம் உணவு, பானத்தில் கழியுமா கழியாதா என்று கேளுங்கள். தெருவில் நின்று 'சார், ஃப்ரீ என்ட்ரி' என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். உள்ளே போனபின் மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்குகள் உண்டு. உள்ளே நுழைந்ததும் இரண்டாவது வெளியேறும் வழி எது என்று பாருங்கள். 2025 டிசம்பரில் அர்போராவில் ஒரு இரவு விடுதி தீப்பற்றி 25 பேர் இறந்தார்கள். ஒரே குறுகிய படியில் இறங்கிப் போகும் நிலத்தடி அறை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கோவாவிலும் மது அருந்த வயது 21. மணலில் பாட்டிலோடு உட்கார்ந்தால் அபராதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் கிடைக்கலாம். திரும்பிவர டாக்சியைப் போகும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பாகாவில் நின்று பேசினால் அவர்கள் சொல்வதுதான் விலை.

9. வண்டியும் செலவும்

வாடகை வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பிளேட் வண்டி தனியாருடையது, வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். போலீஸ் நிறுத்தினால் மாட்டுவது நீங்கள். ஸ்கூட்டர் நாளுக்குச் சுமார் 300 முதல் 500 ரூபாய், சீசன் உச்சத்தில் இன்னும் கூடும். நான்கு பேர் என்றால் சின்ன கார்தான். எடுக்கும் முன் நான்கு பக்கமும் கீறல்களை வீடியோ எடுங்கள்.

பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர், சீசனில் உச்சமில்லாத மூன்று இரவுகள் என்றால், காண்டோலிமில் குளம் உள்ள நடுத்தர ஹோட்டல் இரவுக்கு நான்காயிரம் முதல் ஆறாயிரம் வரை, சாப்பாட்டுக்கு நாளுக்கு மூவாயிரம், கார் மற்றும் பெட்ரோலுக்கு நாளுக்கு இரண்டாயிரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். விமான டிக்கெட், நீர்விளையாட்டு, சந்தையில் வாங்குவது தனி.

உடல்நிலை சரியில்லை என்றால் காண்டோலிமில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிதாக ஏதாவது என்றால் மாப்சாவில் மாவட்ட மருத்துவமனை, அதற்கும் மேல் பாம்போலிமில் அரசு மருத்துவக் கல்லூரி. ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 112.

10. கிளம்பும் நாள்

செக்-அவுட் காலை 11 அல்லது 12. முந்தைய இரவே பில் கேளுங்கள், காலையில் ரிசப்ஷனில் வரிசை நிற்கும். மினி பார், துணி துவைப்பு, டவல் என்று சேர்த்திருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அது எப்போது, எந்தக் கணக்குக்குத் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். இரவு விமானம் என்றால் அறையைக் காலி செய்தபின் குளத்தையும் குளியலறையையும் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல ஹோட்டல்கள் விடும், கேட்டால்தான் சொல்லும்.

ஈர நீச்சல் உடைக்குத் தனி பிளாஸ்டிக் பை ஒன்று மேலாக இருக்கட்டும். டாக்சியை முக்கால் மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை கலங்குட் சந்திப்பைத் தாண்டவே அவ்வளவு ஆகும்.